பியானோவுக்கு மறுநாள்

குடையக்காவின் தலைவலி வாரத்தில் ஆறு நாள் தவறாமல் வேலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கொண்டது. சம்பளம் வாங்கும் மனிதர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. காலை ஒன்பதரைக்கு உச்சந்தலையில் சின்னதாக ஓர் அழுத்தம் ஆரம்பிக்கும். பதினொன்றுக்கு அது நெற்றிப்பொட்டு இரண்டுக்கும் இறங்கி வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புருவத்தைத் தூக்குவதற்கே ஒரு தடவை யோசிக்க வேண்டியிருக்கும். ஏழு மாதமாக இதே கதை.

அவள் வேலை பார்த்தது பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள் அறையில். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் அத்தனை சாமானும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஒற்றைச் செருப்பு, பல்செட், சமையல் தராசு, ஒரு தடவை அடுத்தவர் கல்யாண ஆல்பம். ஆனாலும் பாதிக்கு மேல் குடைகள். அவற்றுக்கெல்லாம் சீட்டுக் கட்டி, நிறம்வாரியாக அடுக்கி, பத்தொன்பது வருஷமாகக் காவல் இருப்பதால்தான் டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அவள் குடையக்கா ஆகிப்போனாள்.

சாமானைத் தேடி வருபவர்களிடம் அவள் ஒரு படிவத்தை நீட்டுவாள். அதில் ஐந்து கேள்விகள். என்ன பொருள்? அடையாளம் என்ன? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கே? அப்போது உடன் இருந்தவர் யார்? இந்த ஐந்துக்கும் மழுப்பாமல் பதில் சொன்னால் உலகத்தில் எதுவுமே தொலையாது என்பது குடையக்காவின் கட்சி. அதிலும் ஐந்தாவது கேள்வியைத்தான் ஜனங்கள் காலியாக விடுவார்கள். “நான் தனியாத்தான் வந்தேன்” என்று அடித்துச் சொன்ன ஒருவரின் மூக்குக்கண்ணாடி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் கைப்பையிலிருந்து வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்குத் தன் தலையில் நடப்பது மட்டும் பிடிபடவில்லை.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். “எல்லாம் நார்மலா இருக்கும்மா” என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்லிக் கை குலுக்கினார். நார்மல் என்றால் ஏன் வலிக்கிறது என்று கேட்டதற்கு, “அது தெரியல” என்றார். நேர்மையான மனிதர்தான், ஆனால் நேர்மை தலைவலிக்குக் கேட்கவில்லை.

அடுத்து நாத்தனார் களத்தில் இறங்கினாள். அவள் குடையக்கா வீடு இருந்த கட்டடத்திலேயே மேல் மாடியில் குடியிருந்தாள். மருந்துக்கடையில் பில் போடும் வேலை. பில் போட்டுப் போட்டே தான் முக்கால் டாக்டர் ஆகிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை வலிக்கல. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கிடையாது. அப்ப என்ன அர்த்தம்? அந்தப் பழைய குடைங்கதான். பூஞ்சை! மூக்கு வழியா ஏறி மூளைக்குப் போகுது.”

குடையக்கா இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்து பார்த்தாள். இரண்டு நாளும் ஒன்பதரை மணிக்குத் தலைவலி வீட்டு விலாசத்துக்கே வந்துவிட்டது. நாத்தனார் அசரவில்லை. தலையணையை மாற்றினாள், கட்டிலைத் திருப்பிப் போட்டாள், டீயை நிறுத்தினாள், டீயை நிறுத்தியதால்தான் வலி என்று மறுபடி ஆரம்பித்தாள். ஒன்றும் பலிக்காமல் போகவே, கூடத்தில் மாட்டியிருந்த காலண்டரில் தினமும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கத் தொடங்கினாள். லேசான வலிக்கு ஒரு புள்ளி, நடுத்தரத்துக்கு இரண்டு, மோசமான நாளுக்கு மூன்று.

அதே காலண்டரில்தான் அவளுடைய அண்ணன், அதாவது குடையக்காவின் கணவர், தன் வேலைகளைப் பென்சிலால் குறித்து வைப்பது வழக்கம்.

அவர் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சாமான் கட்டுபவர்களுக்குத் தலைவர். கூட வேலை செய்பவர்கள் அவரை முடிச்சண்ணன் என்பார்கள். அவர் கட்டிய சாமான் லாரியில் அசைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. எதைக் கட்டி முடித்தாலும் இரண்டு தடவை உலுக்கிப் பார்ப்பார். “ஆடல” என்பார். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் லாரி கிளம்பும். அதைத் தவிர அவர் வாயிலிருந்து பெரிதாக எதுவும் வராது. வீட்டிலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் குடையக்கா சுவரோடு பேசியது அவரோடு பேசியதைவிட அதிகம் என்று சொன்னால் சுவரே ஒத்துக்கொள்ளும்.

அந்த ஆள் பேசத் தொடங்கியது போன வருஷம்தான். அதற்குக் காரணம் ஒரு சூட்கேஸ்.

ஆபீஸில் மேல் தட்டில் இருந்த சூட்கேஸைக் குடையக்கா இழுத்தபோது, அது அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே வந்தது. உள்ளே எவனோ உடற்பயிற்சிக்கான இரும்புக் குண்டுகளை வைத்திருந்தான். வலது தோள் நழுவிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கை காதுக்கு மேலே எழவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலை ஒற்றைக் கையால் எப்படிப் பின்னுவது? “வெட்டிடுங்க அண்ணி” என்று நாத்தனார் கத்தரிக்கோலோடு இறங்கி வந்தாள். முடிச்சண்ணன் எழுந்து வந்து, பேசாமல் சீப்பை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து, தலை குளித்துக் கூந்தலை விரித்துக் காயவிடும் ஞாயிறு தவிர, தினமும் காலை ஆறே முக்காலுக்கு சமையலறையில் ஸ்டூல் போட்டு அவள் உட்காருவாள். அவர் பின்னால் நின்று பின்னிவிடுவார். கைகள் வேலையில் இறங்கியதும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. முன்தினம் யார் வீட்டைக் காலி செய்தார்கள், எந்த பீரோ எந்த வாசலில் மாட்டிக்கொண்டது, எந்தக் கிழவர் லாரிக்குப் பின்னாலேயே தொட்டிச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார், எல்லாம் வரும். பத்து நிமிஷம். சாயங்காலம் அவரே பின்னலைப் பிரித்துவிடுவார், ஆனால் அப்போது பேச்சு வராது. பேச்செல்லாம் கட்டும்போதுதான்.

அந்தப் பத்து நிமிஷத்துக்காகக் குடையக்கா ஒரு பெரிய திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய தோள் சரியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸில் குடைகளை மேல் தட்டில் தூக்கித் தூக்கி அடுக்குவாள். வீட்டுக்கு வந்ததும், “ஏங்க, அந்த உப்பு ஜாடியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? கை எழ மாட்டேங்குது” என்பாள். ஒரு தடவை தெருவில் பஸ்ஸை நிறுத்த வலது கையை ஜம்மென்று தூக்கிவிட்டு, எதிரே அவர் வருவதைப் பார்த்து, “ஐயோ, அம்மா” என்று கையை இறக்கித் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கை சரியாகிவிட்டது என்று தெரிந்தால் அவர் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் மௌனத்துக்குப் போய்விடுவாரே!

இந்த நிலையில் ஒருநாள் நாத்தனார் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு கூவினாள்.

“அண்ணி! கண்டுபிடிச்சிட்டேன்! இங்க பாருங்க. அண்ணன் பீரோ தூக்கின நாளுக்கு மறுநாள் ரெண்டு புள்ளி. வெறும் பாத்திரம் பண்டம் தூக்கினா மறுநாள் ஒரு புள்ளி. இதோ, ‘பியானோ, நாலாவது மாடி’ன்னு எழுதியிருக்கு. மறுநாள் என்ன?”

மூன்று புள்ளி. அடுத்த மாதமும் ஒரு பியானோ இருந்தது. அதற்கு மறுநாளும் மூன்று புள்ளி.

“கண்டவங்க வீட்டுத் தூசியை அண்ணன் மேல ஏத்திக்கிட்டு வர்றாரு. பெரிய சாமான்னா பெரிய தூசி!”

வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்தது. முடிச்சண்ணன் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு தடவை குளிக்க வேண்டும். சட்டை வாசலுக்கு வெளியே. தலை காயும்வரை மனைவி பக்கம் போகக் கூடாது. அவர் மறுபேச்சுப் பேசாமல் துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனியில் நின்றார். எதிர்வீட்டுக்காரர் மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாவது நாள் கையசைத்தார். தலைவலி மட்டும் தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் சொன்னது அபத்தம் என்றாலும் அந்தப் பியானோ குடையக்காவின் மனசில் மாட்டிக்கொண்டது. மறுநாள் ஆபீஸில் ஒரு படிவத்தை எடுத்தாள். என்ன பொருள்? ‘வலிக்காத தலை.’ அடையாளம்? ‘நரை கொஞ்சம்.’ கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ‘முழுசாக, பாரமே இல்லாமல் பார்த்தது இன்று காலை ஆறே முக்கால்.’ எங்கே? ‘சமையலறை.’ ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். அவளும் மற்ற ஜனங்களைப் போலத்தானே!

அன்று திறந்து பார்க்க வேண்டிய பெட்டி ஒன்று இருந்தது. மூன்று நாளாக யாரும் கேட்டு வராத சாமானைத் திறந்து உள்ளே விலாசம் இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே விதி. அட்டைப்பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கயிறு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அவருடைய கம்பெனிக் கயிறு. முடிச்சும் அவருடையதுதான். அதை அவிழ்க்கப் பெட்டியைத் திருப்பினாள், இறுகியது. புரட்டினாள், இன்னும் இறுகியது. ஆட ஆட இறுகும்படி போட்ட முடிச்சு. லாரி குலுங்கினால் கட்டுத் தளராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வித்தை அது.

குடையக்காவின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கேயும் அதே பச்சைக் கயிறு, அதே முடிச்சு.

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவர் பின்னல் நுனியில் சாதாரண ரப்பர் பேண்டுதான் போடுவார். அவள் சும்மா விளையாட்டுக்கு, “என்னங்க, ஊரெல்லாம் உங்க கட்டைப் பத்திப் பெருமை பேசுது, என் பின்னல் பஸ் ஏறுறதுக்குள்ள அவிழ்ந்துடுது” என்று சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே பச்சைக் கயிறு வந்துவிட்டது. நுனியில் கட்டினால் பாரம் அடியில் ஆடும் என்று பிடரியிலேயே கட்டினார். ஸ்டூல் விளிம்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கடைசியில் பின்னலைப் பிடித்து இரண்டு உலுக்கு. “ஆடல.” அவள் தலையை ஆட்டும்போதெல்லாம் முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போயிருக்கிறது. பீரோ கதை சொல்லும்போது பீரோவின் பலம் கையில் ஏறியிருக்கிறது. பியானோவை நாலு மாடி இறக்கிய கதையை அவர் ஒவ்வொரு படியாகச் சொன்னார். அன்றைக்கு அவள் கண் இரண்டும் காதுவரைக்கும் போய்விட்டு வந்தன.

குடைகளுக்கு நடுவே நின்று முடிச்சை அவிழ்த்தாள். அதற்கே கால் மணி நேரம் ஆனது. கூந்தல் பிரிந்து விழுந்தது. இரண்டு குடைக்குச் சீட்டுக் கட்டி முடிப்பதற்குள் தலைவலி போன இடம் தெரியவில்லை. படிவத்தின் ஐந்தாவது வரியில் ‘என் வீட்டுக்காரர்’ என்று எழுதினாள். உடனே அதைக் கிழித்துப் போட்டாள்.

எப்படிச் சொல்வது? வேறு ஒரு கோஷ்டி ஓட்டிய லாரியில் ஒரு கண்ணாடி கீறிப்போனதற்கே, கட்டியது நான்தானே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷன். தன் கட்டு மனைவியின் தலையை ஏழு மாதம் பிழிந்தது என்று கேட்டால் அப்புறம் சீப்பைத் தொடுவாரா? தொட மாட்டார். அந்தப் பத்து நிமிஷம் போய்விடும். தலைவலியா, பத்து நிமிஷமா என்று கேட்டால், அவள் தலைவலியையே வைத்துக்கொள்ளத் தயார்.

ஆனால் இரண்டையும் சமாளிக்க ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. காலையில் ஆபீஸ் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டியது. சாயங்காலம் கிளம்புமுன் மறுபடி பின்னி, அதே முடிச்சைப் போட்டுக்கொள்ள வேண்டியது. அந்தப் பெட்டியின் முடிச்சை வைத்துக்கொண்டு பாடம் படித்தாள். இரண்டு நாள் குடைகளிலேயே பயிற்சி. நாற்பத்தொரு குடைகள் பச்சைக் கயிற்றில் நெஞ்சு நிமிர்த்தி நின்றன. அவற்றைப் பார்த்த சூப்பர்வைசர், “என்னம்மா, குடையெல்லாம் குடும்பத்தோட ஊருக்குக் கிளம்புதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் காலண்டரில் ஒரு புள்ளிகூட விழவில்லை. நாத்தனாரைப் பிடிக்க முடியவில்லை. மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்களையெல்லாம், “மாத்திரையை விடுங்க, உங்க வீட்டுக்காரரை ரெண்டு தடவை குளிக்கச் சொல்லுங்க” என்று திருப்பி அனுப்பினாள். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்ததாகக் கேள்வி.

பத்தாவது நாள் சாயங்காலம் முடிச்சண்ணன் வழக்கம்போலப் பின்னலைப் பிரிக்க வந்தார். கை பிடரிக்குப் போய் அப்படியே நின்றது.

“என்னங்க?”

இத்தனை நாளும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கைப்பழக்கத்தில் பிரித்துவிட்டவர், அன்றுதான் முடிச்சைக் குனிந்து பார்த்தார். அவர் போடும் முடிச்சில் கயிற்றின் வால் வலது பக்கம் கிடக்கும். இது இடது பக்கம் கிடந்தது. பின்னால் நிற்பவர் போட்ட முடிச்சு இல்லை. தன் தலைக்குத் தானே போட்டுக்கொண்டால்தான் இப்படித் திரும்பி விழும். பிடரியில் தானே முடிச்சுப் போட வேண்டும் என்றால் இரண்டு கையையும் தூக்கிப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையையும். இத்தனை நாளாகத் தான் காலையில் கட்டியது பகலில் அவிழ்க்கப்பட்டிருக்கிறது. புள்ளிகள் நின்றுபோனது குளியலால் இல்லை. முடிச்சுகளைப் படித்தே வயிறு வளர்த்த மனுஷனுக்கு இதையெல்லாம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கே தப்புச் செய்தோம் என்று குடையக்காவுக்குத் தெரியாது. ஆனால் குட்டு உடைந்துவிட்டது என்று அந்த நிறுத்தத்திலேயே புரிந்துகொண்டாள். அவர் முடிச்சை அவிழ்த்தார், பச்சைக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டார், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். சாப்பிடும்போதும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதா என்ன? இருந்தாலும் அன்றைய பேசாமை வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வரவில்லை. ஏழாயிற்று. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது, அறையில் அலமாரிக் கதவு திறந்து மூடியது, சமையலறைப் பக்கம் காலடி வரவே இல்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. யாருக்காக இனி நடிப்பது? சீப்பை எடுத்து வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“கையை இறக்கு.”

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“தோள்தான் இன்னும் சரியாகலையே. எதுக்குத் தூக்குற?”

அவள் அவரையே பார்த்தாள். மெதுவாகக் கையை இறக்கினாள். “ஆமாங்க. இன்னும் வலிக்குது” என்றாள்.

“இன்னும் எவ்வளவு நாள் ஆகுமாம்?”

“சொல்ல முடியாதாம்.”

“ஆகட்டும். ஒண்ணும் அவசரமில்ல.”

அவர் சீப்பை வாங்கிக்கொண்டார். நேற்று என்ன தூக்கினார் என்று அவள் கேட்டாள்.

“பியானோ.”

அவளுக்குத் தோள் தானாக இறுகியது. அவர் கதையை ஆரம்பித்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பியானோ சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் கூந்தலைக் கையிலிருந்து விட்டுவிட்டார். இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு பியானோவை இழுத்தார், திருப்பினார், மூச்சு வாங்கினார், கீழே இறக்கினார். அது பத்திரமாகத் தரைக்கு வந்த பிறகு மறுபடி கூந்தலை எடுத்து, தொட்டும் தொடாமலும் பின்னினார். முழங்கால் ஸ்டூல் பக்கமே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ரப்பர் பேண்டை எடுத்து நுனியில் இரண்டு சுற்றுப் போட்டார். அதைத் தேடித்தான் இவ்வளவு நேரம் அலமாரியைக் குடைந்திருக்கிறார்.

பிறகு பழக்க தோஷத்தில் பின்னலைப் பிடித்து உலுக்கினார். அது இடமும் வலமும் தாராளமாக ஆடியது. அடியில் அப்போதே இரண்டு இழை நழுவிவிட்டது.

“ஆடுது” என்றார்.

அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். “வேணும்னா கொஞ்சம் இறுக்கிக்கங்க” என்றாள்.

“வேணாம். ஆடட்டும்.”

சீப்பை அதன் இடத்தில் வைத்தார். போகிற போக்கில், மேல் தட்டில் இருந்த உப்பு ஜாடியை அவள் கேட்காமலேயே எடுத்து அடுப்புப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.